வின்சானைச் சாகடித்த புரோகிராம்

ஜெனிஷாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் ஜெனிஷாவுக்குத்தான்.

பி.டெக். முடித்தவள். ஒரு பாடத்திலும் கோட்டை விடவில்லை. அது போதாதென்று வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பார்த்துப் பைத்தான் படித்தாள். படித்ததற்கெல்லாம் சான்றிதழும் வாங்கினாள். அவள் அப்பா மரியசெல்வம் அவற்றில் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கிக் கண்ணாடி போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வருகிறவர்கள் ஆண்டவரைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அதைப் பார்க்காமல் போக முடியாது.

ஆனால் அவளுக்கு ஒரு கோளாறு இருந்தது. வீடியோவில் ஒருவர் சொல்லச் சொல்ல, கூடவே தட்டுவாள். புரோகிராம் ஓடும். அவளுக்கும் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். வீடியோவை மூடிவிட்டு, வெறும் திரையைத் திறந்து, சொந்தமாக ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியே வராது. கோயிலில் கூட்டத்தோடு உச்சக் குரலில் பாடுகிறவர்களைத் தனியாகப் பாடச் சொன்னால் இரண்டாவது அடியில் முழிப்பார்கள் இல்லையா, அப்படி. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சுவரில் மாட்டியிருப்பதை என்ன செய்வது?

சென்னையில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. கேட்டதற்கெல்லாம் பாடப் புத்தகம் மாதிரி பதில் சொன்னாள். எதிரே இருந்தவருக்குப் பரம திருப்தி. பிறகு அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, ஒரு சின்னக் கணக்கைச் சொல்லி, எழுதிக் காட்டச் சொன்னார். ஜெனிஷா திரையைப் பார்த்தாள். திரை ஜெனிஷாவைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர், பரவாயில்லை, தண்ணீர் குடியுங்கள் என்று அன்பாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

மரியசெல்வம் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை வரிசை பிடித்து அனுப்பும் மேஸ்திரி. மகள் சென்னையிலிருந்து வாயைத் திறக்காமல் திரும்பி வந்ததும், வேலை கிடைக்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய மேலாளர் சோமசேகரனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். எடை மேடையில் ஒரு இடம் காலியாக இருந்தது. லாரி ஏறும், எடை திரையில் தெரியும், வண்டி எண்ணையும் எடையையும் தட்ட வேண்டும், லாரி இறங்கும், அடுத்த லாரி ஏறும். கம்ப்யூட்டர் வேலைதானே, வீட்டுச் சாப்பாடு, பக்கத்திலேயே இருக்கலாம் என்றார் மரியசெல்வம். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் ஜெனிஷாவைப் பயமுறுத்தியது. அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தால், தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். அவளும் மறந்துபோவாள். நிலக்கரித் தூளும் தானுமாகக் காலம் ஓடிவிடும்.

அடுத்த மாதம் வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். அதற்குள் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி, அதை நாலு பேர் பயன்படுத்தினால் எடை மேடை வேண்டாம். இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்றாள். மரியசெல்வம் ஒப்புக்கொண்டார். சோமசேகரனும் இடத்தைப் பிடித்து வைத்தார்.

புரோகிராம் கேட்டு வந்தவர் கிளாட்வின் சாமியார். ஊர்க் கோயில் பங்குக்குப் புதிதாக வந்தவர், இளைஞர், எதையும் நவீனப்படுத்திப் பார்க்கத் துடிக்கிறவர். அவருக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தது பூசைக் கருத்து. இறந்துபோன அப்பாவின் ஆன்ம இளைப்பாற்றிக்கு, கல்யாண நாளுக்கு நன்றியாக என்று ஆளாளுக்குப் பூசை கேட்பார்கள். அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்கும் முன் உபதேசியார் சூசைமுத்து மைக்கில் வாசிப்பார். ஒரு பெயர் விட்டுப்போனால் போச்சு. எங்க அப்பாவை மட்டும் மறந்துட்டீங்களே என்று பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே சண்டை நடக்கும். சூசைமுத்து துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சட்டைப் பைகளில் வைத்துக்கொள்வார். சில சமயம் சட்டை துவைக்கப் போய்விடும்.

ஜெனிஷா ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்து, வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. மெல்ல ஒரு பழைய வீடியோவைத் திறந்தாள். மாணவர்களின் மதிப்பெண்ணை வாங்கி, குறிப்பிட்ட மதிப்பெண் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில் என்று பிரித்துக் காட்டும் புரோகிராம் அது. அவளுக்கு மளமளவென்று வழி தெரிந்தது. மாணவர் இருந்த இடத்தில் பங்கு மக்களை வைத்தாள். பாஸ் இருந்த இடத்தில் நன்றி. ஃபெயில் இருந்த இடத்தில் ஆன்ம இளைப்பாற்றி. செத்தவர்களை ஃபெயிலாக்குகிறோமே என்று அவளுக்கு உறைக்கவில்லை. புரோகிராம் ஓடியதில் தலைகால் புரியவில்லை.

சோதித்தும் பார்த்தாள். தன் பிறந்தநாளுக்கு நன்றி கொடுத்தாள், சரியாக வந்தது. செத்துப்போன பெரியப்பாவுக்கு இளைப்பாற்றி கொடுத்தாள். அதுவும் சரியாக வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தாள் அச்சாகும். ஞாயிறு காலை சூசைமுத்து அதை வாசிப்பார். தொடர்ந்து சில வாரம் ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை. கோயில் வாசலில் சண்டை இல்லாததில் சிலருக்குப் பொழுதே போகவில்லை. பங்கு அலுவலக போனைச் சாமியார் ஜெனிஷாவிடமே கொடுத்துவிட்டார். மரியசெல்வம் எடை மேடைப் பேச்சை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அனெத் அம்மாள் புதுச்சேரியிலிருந்து கூப்பிட்டார்.

அனெத்தின் கணவர் பெயர் அம்மையப்பன் வின்சான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை இந்தப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அவரும் ஊருக்குச் சொல்தா வின்சான். பென்சன் பிரான்சிலிருந்து வருகிறது. ஒரே மகள் சேவெரினும் பிரான்சில்தான். முழங்கால் ஆபரேஷனுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் புதுச்சேரி போயிருந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சீக்கிரம் சுகமாக வேண்டும், ஒரு பூசை போடு பாப்பா என்றார் அனெத்.

ஊரில் நோய்க்குப் பூசை கேட்பவர்கள் அலுவலகத்தில் சொல்வதில்லை. சாமியாரைத் தனியாகப் பார்த்துக் காதோடு சொல்வார்கள். அவரும் பீடத்தில் மனதுக்குள் வேண்டிக்கொள்வார். வீட்டு வியாதியை மைக்கில் ஊரறியச் சொல்வது இங்கே வழக்கமில்லை. அதனால் அந்த மாதிரி ஒரு கருத்து இருப்பதே ஜெனிஷாவின் புரோகிராமுக்குத் தெரியாது. போனில் கேட்டதை அவள் அப்படியே தட்டினாள். பெயர், அம்மையப்பன் வின்சான். கருத்து, சுகம் பெற. புரோகிராம் வாங்கிக்கொண்டது, முணுமுணுக்கக்கூட இல்லை.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் ஜெனிஷா உட்கார்ந்து, தன் தாள் மைக்கில் ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாரத்தில் பிடித்த நேரம் அதுதான். சூசைமுத்து இழுத்து இழுத்து வாசித்தார். பிறகு, அம்மையப்பன் வின்சான் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்றார்.

கோயிலில் ஒரு சலசலப்பு. ஆபரேஷனுக்குப் போன மனுஷன் ஆயிற்றே. அடப்பாவமே, எப்போது போனார் என்று ஜெனிஷாவும்தான் பதறினாள். அந்தத் தாளை அச்சடித்தவளே தான்தான் என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. சுகம் பெற என்று தட்டியது விரல்களுக்கு இன்னும் நினைவிருந்தது.

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து, அது என் தப்பு என்று சொல்லக் கால் வரவில்லை. பூசை முடியட்டும், சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோழைத்தனத்துக்கு ஊர் நல்ல விலை கொடுத்தது. பிரசங்கம் நடக்கும்போதே பின்வரிசைப் பையன்கள் நழுவிவிட்டார்கள். இங்கே ஒருவர் செத்தால் குழி வெட்டுவதற்கு முன்னால் ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும்.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் ஓடினாள். அவர் அனெத்தைக் கூப்பிட்டார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டார். ஜெனிஷா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவருக்கே குழப்பமாகிவிட்டது. நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால், உயிரோடிருக்கிறார் என்று நாமே மைக்கில் சொல்லி இன்னொரு தப்பைச் செய்ய வேண்டுமா என்று தயங்கினார். அதற்குள் யாரோ பிரான்சுக்கே செய்தி சொல்லிவிட்டார்கள். அங்கே சேவெரின் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். அதே அணைத்த போன்.

மத்தியானம் வாடகைக் காரில் வின்சானும் அனெத்தும் ஊருக்குள் வந்தார்கள். தெருமுனையில் ஆளுயர ஃபிளெக்ஸ். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி எரிய, நடுவில் வின்சான் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் அஞ்சலி. வின்சான் காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை எடுத்து மாட்டி, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறந்த வருஷத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றாராம். அனெத் அம்மாள்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அன்றைக்கே கிளாட்வின் சாமியார் ஜெனிஷாவைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. இனிமேல் சூசைமுத்துவே கையால் எழுதட்டும், அந்தப் புரோகிராமை எடுத்து வைத்துவிடு என்றார். மாதம் முடியப்போகிறது, அடுத்து வரும் ஞாயிறு தாண்டித் திங்கட்கிழமை எடை மேடைக்கு வந்துவிடுகிறேன் என்று வீட்டில் அவளே அப்பாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதாள். படித்தது எல்லாம் சேர்ந்து ஒரு கிழவரைச் சாகடித்ததுதான் மிச்சம் என்று இருந்தது.

அழுது முடித்தபின் லேப்டாப்பைத் திறந்தாள். பழக்க தோஷம், முதலில் வீடியோவைத்தான் தேடினாள். எல்லாவற்றுக்கும் வீடியோ இருக்கிறது. உயிரோடு இருப்பவரைச் செத்தவராகப் போட்டால் எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் யாரும் வீடியோ போடவில்லை. வேறு வழியில்லாமல் தான் எழுதியதைத் தானே முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். எழுதிய நாளிலிருந்து அவள் அதைப் படித்ததே இல்லை. ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

அந்த வரி நடுவில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. கருத்து நன்றி என்றால் நன்றிப் பகுதியில் போடு. இல்லாவிட்டால், எல்ஸ், இளைப்பாற்றியில் போடு. அவ்வளவுதான். நன்றி சொல்லாதவர்கள் எல்லாரும் செத்தவர்கள். அந்த 'இல்லாவிட்டால்' என்ற ஒரு வார்த்தைக்குள் எத்தனை பேர் மாட்டுவார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. பரீட்சை எழுதுகிறவன், விசாவுக்குக் காத்திருக்கிறவன், பிள்ளை வேண்டுகிறவள், கடலுக்குப் போனவன், எல்லாரையும் அவள் புரோகிராம் வரிசையாகப் புதைத்திருக்கும். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

திருத்த உட்கார்ந்தாள். சுகம் பெற என்று ஒரு பகுதியைக் கூட்டினாள். அது போதாது என்று உடனே தெரிந்தது. நாளைக்கு இன்னொருவர் இன்னொன்றோடு வருவார். எந்தப் பகுதியிலும் அடங்காத கருத்து வந்தால் ஊகித்துக்கொண்டு எங்கேயாவது தள்ளக் கூடாது. இது எனக்குத் தெரியாதது, என்னவென்று வாசிக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு நிற்க வேண்டும். இதற்கும் வீடியோ கிடையாது. எழுதினாள், உடைந்தது, மறுபடி எழுதினாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. ஓடியபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது, அது போதுமாக இருந்தது. யாருக்கும் வேண்டாத புரோகிராமைத் திருத்தி என்ன ஆகப்போகிறது என்றும் தெரிந்துதான் இருந்தது.

மன்னிப்புக் கேட்காமல் எடை மேடையில் போய் உட்கார மனம் ஒப்பவில்லை. வாரக் கடைசியில் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வின்சான் வீட்டுக்குப் போனாள். அவர் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அனெத் கதவைத் திறந்துவிட்டு, முகம் பார்க்காமல் பாத்திரம் கழுவ உள்ளே போய்விட்டார்.

"ஏம்மா, உன் மிஷின்ல நான் எப்பிடிச் செத்தேன்?" என்று கேட்டார் வின்சான். நக்கல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நன்றி சொல்லாதவங்க எல்லாரையும் செத்தவங்கன்னு எழுதிட்டேன் தாத்தா. எனக்கு ரெண்டுதான் தோணுச்சு. மன்னிச்சிருங்க."

இப்போது சரிசெய்துவிட்டேன் என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அன்றைக்குச் செத்த வீடு என்று வந்தவர்கள் யார் யார், வராதவர்கள் யார் யார் என்று கொஞ்ச நேரம் சொன்னார். பிறகு மகள் பேச்சுக்கு வந்தார்.

"சேவெரின் அன்னைக்கே டிக்கெட் போட்டுட்டா, தெரியுமா? இந்த வருஷம் வர்றேன், அடுத்த வருஷம் வர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தவ. அப்பா இருக்காருடின்னு அவ அம்மா சொன்னதும் போன்லயே அழுதா. சந்தோஷந்தான். அழுது முடிச்சிட்டு, அப்பன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுறேம்மான்னுட்டா."

நல்லபடியாகத் திரும்பி வந்ததற்கு ஒரு நன்றிப் பூசை போடட்டுமா என்று ஜெனிஷா மென்று விழுங்கிக் கேட்டாள்.

"நன்றியா?" என்றார் வின்சான். "செத்தா வர்றா. உசுரோட இருந்தா வர மாட்டேங்குறா. ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் இருந்தா போடு."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஜெனிஷா லேப்டாப்பை மடியில் வைத்து அவர் பெயரைத் தட்டினாள். கருத்து என்ற இடத்தில், மகள் வர என்று தட்டினாள். புரோகிராம் அதை எங்கேயும் தள்ளவில்லை. இது எனக்குத் தெரியாதது, என்னவென்று வாசிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு நின்றது. அவள் அதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். வின்சான் யோசித்து யோசித்துச் சொன்னார். அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினாள். பிறகு அவரே சாமியாருக்குப் போன் போட்டார். கையால் எழுதிக்கொள்ளலாமே என்று சாமியார் மழுப்பினார். அந்தத் தாள்லதான ஃபாதர் என்னைச் சாகடிச்சீங்க, அதே தாள்லதான் இதுவும் வரணும் என்றார் வின்சான். சாகடிக்கப்பட்டவர் கேட்டால் சாமியார் எப்படி மறுப்பார்? இந்த ஒரு ஞாயிறு மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார இடம் இல்லை. இந்த வாரம் யார் சாகப்போகிறார்கள் என்று பார்க்க வந்தவர்களும் உண்டு. வாக்கரோடு வின்சான் முன்வரிசையில் இருந்தார். சூசைமுத்து தாளைக் கையில் வாங்கியதும் ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்துக்கொண்டார். இறந்தவர்கள் இறந்தவர்களாகவே வந்தார்கள். நன்றி சொன்னவர்கள் நன்றி சொன்னார்கள். கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பிரான்சில் இருக்கும் மகள் சேவெரின், அப்பா உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று, அம்மையப்பன் வின்சான், அனெத்."

பின்வரிசையில் ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்து, யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். அந்தக் கோயிலில் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பாத வீடு குறைவு. பிரான்சு இல்லாவிட்டால் வளைகுடா. மாதா மாதம் பணம் வருகிறது, போன் வருகிறது, பண்டிகைக்குப் போட்டோ வருகிறது. வீட்டு வியாதியை மைக்கில் சொல்லாத ஊர் அது. இந்த வியாதியை யாருமே யாரிடமும் சொன்னதில்லை. சேலைத் தலைப்பு முகத்துக்குப் போவதை ஜெனிஷா தன் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

பூசை முடிந்தது. மகளை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று மரியசெல்வம் மோட்டார் சைக்கிளைக் கோயில் வாசலில் நிறுத்திக் காத்திருந்தார். நாளைக்குக் காலையில் எடை மேடைக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சொல்லவும் இருந்தார். அவள் வரவில்லை. பங்கு அலுவலகத்தைத் தேடிப் போனார். வாசலில் கூட்டம். சாமியார் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஜெனிஷா மேசையில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற அம்மாள், துபாயில் இருக்கும் மகனுக்கு அதே மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் அவன் மனம் நோகாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எப்பிடி வாசிக்கணும்னு நீங்களே சொல்லுங்க அத்தை, அப்பிடியே எழுதுறேன் என்றாள் ஜெனிஷா. அவருக்குப் பின்னால் இன்னும் பலர், என்ன சொல்வது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடி நின்றார்கள்.

மரியசெல்வம் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். மகள் அவரைப் பார்க்கவில்லை. திரையில் ஏதோ ஒன்று சரியாக வரவில்லை போலிருக்கிறது; நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பொறுங்க என்று கையைக் காட்டிவிட்டு, தானே ஏதோ மாற்றினாள். வந்துவிட்டது. அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அவர் திரும்பி வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சோமசேகரனுக்குப் போன் போட்டார். நாளைக்கு அந்த இடத்துக்கு வேற யாரையாச்சும் பாத்துக்குங்க சார் என்றார். ஏன், பொண்ணுக்கு வேலை கிடைச்சிருச்சா என்று கேட்டார் சோமசேகரன்.

"இன்னும் கிடைக்கல சார்," என்றார் மரியசெல்வம். "ஆனா அதுக்கு வேலை தெரியுது."